தேவாங்கைப் படப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தது எப்படி

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம் செய்துகொண்டிருக்கிறேன். 24 பக்கம், நடுவில் பின் அடித்த சின்னப் புத்தகம், நான்கு முதல் ஏழு வயது வரை உள்ளவர்களுக்கு. கதை நாயகி ஒரு தேவாங்கு, பெயர் கொக்கி. கதை சீக்கிரம் எழுதி முடிந்துவிட்டது, கொக்கியை உருவாக்கத்தான் நாள் பிடித்தது. அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று விரிவாக எழுதிவைக்கிறேன். நான் எழுதுகிறவள், படம் வரைவது வேறொருவர். ஓவியம் பயிலாத எழுத்தாளர் ஒரு பாத்திரத்தை எவ்வளவு தூரம் செய்து ஓவியர் கையில் கொடுக்க முடியும் என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. படப்புத்தகப் பாத்திரத்தைக் குணத்தில் தொடங்கக் கூடாது, உடம்பில் தொடங்க வேண்டும். "தைரியசாலி, குறும்புக்காரி, எல்லாருக்கும் உதவுவாள்" என்று எழுதிக் கொடுத்தால் ஓவியர் அதில் எதை வரைவார்? சிரித்த முகத்தோடு ஒரு பொம்மையை வரைவார், அது முயலாக இருந்தாலும் கரடியாக இருந்தாலும் ஒன்றுதான். எதால் பிடிப்பாள், எப்படி நகர்வாள், எங்கே தூங்குவாள், என்ன செய்தால் அவளுக்கு வராது, இதற்கெல்லாம் பதில் இருந்தால் குணம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதிலும் அந்தக் கடைசிக் கேள்விதான் கதையையே கொடுக்கும்.

தேவாங்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பெங்களூரில் தேவாங்கு இருக்கிறது என்றால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்புவதில்லை. இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் இருக்கிறது. மரம் அடர்ந்து மிச்சமிருக்கும் வேறு சில இடங்களிலும் ஆர்வலர்கள் இரவில் நடந்து தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டிய 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்றே நாட்டில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. ஆக, இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி ஊருக்கும் இவர்கள் குடியிருக்கும் ஊருக்கும் பொதுவான ஒரு பிராணி. சிங்கம், முயல், குரங்கு என்று வரைந்து வரைந்து பழகிப்போன முகமும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, முதல் அட்டவணையில் உள்ள பிராணி இது. பிடித்து வைத்துப் பார்ப்பதெல்லாம் கூடவே கூடாது. இரவில் தேடிப் போகிற ஆய்வாளர்களும் கண் கூசாமல் இருக்கச் சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் பெரும்பாலும் அவர்கள் எடுத்த காணொளிகளையும் படங்களையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு காலை எடுத்து வைக்கும்போது மற்ற மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். ஏறத்தாழ ஒரு ஜாண் நீள உடம்பு, குச்சி மாதிரி கை கால், வெளியே தெரிகிற வால் கிடையாது, முகத்தில் பாதி கண். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம், இரண்டு வட்டத்துக்கும் நடுவே மூக்குவரை இறங்கும் வெளிர்ப் பட்டை. பகலில் கிளைப் புதருக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கும். பூச்சி, எறும்பு, கறையான்தான் முக்கியச் சாப்பாடு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, இதற்குத் தாவ வராது. ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குக் கை எட்டினால்தான் போகும். எட்டாவிட்டால் நின்றுவிடும்.

இந்தக் கடைசி வரியைக் குறித்த அன்றே கதை கிடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் முதல் மழை பெய்த இரவுகளில் பெங்களூர்த் தெருவிளக்குகளைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் இந்தப் பக்கத்துப் புங்க மரத்தில் கொக்கி, அந்தப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தை ஒட்டி விளக்கு, விளக்கைச் சுற்றி ஈசல். இரண்டு மரத்தையும் இணைத்துக்கொண்டிருந்த கிளையை யாரோ வெட்டிவிட்டார்கள். நடுவில் இடைவெளி. தாவத் தெரிந்த பிராணிக்கு அரை நொடிக் கதை இது. தாவத் தெரியாதவளுக்கு ஒரு முழுப் புத்தகம்.

அடுத்து, களிமண். ஓவியரிடம் போவதற்கு முன்னால் கையால் ஒரு உருவம் செய்து பார்ப்பது என் வழக்கம். படம் வரையத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம், தாளில் ஏமாற்ற முடிகிற இடங்களில் களிமண்ணை ஏமாற்ற முடியாது. அவென்யூ ரோட்டில் வாங்கிய காயாத மாடலிங் க்ளே, உள்ளே எலும்புக்குப் பதில் மெல்லிய கட்டுக்கம்பி. உடம்பும் தலையும் எளிதாக வந்தன. கையில் வந்துதான் நின்றேன். தேவாங்கின் ஆள்காட்டி விரல் குட்டையானது, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. கட்டைவிரல் அகலமாக விலகி நிற்கும், அதற்கு எதிர்ப்புறமாக மற்ற விரல்கள் வளையும், நடுவில் அந்தக் குட்டை விரலால் ஓர் இடைவெளி விழும். துணி காயப்போடும் கிளிப்பைத் திறந்து கயிற்றில் மாட்டுகிற மாதிரிதான் அந்தக் கை கிளையைக் கவ்வும். சாதாரணக் குழந்தைப் புத்தகங்களில் விலங்கின் கை என்றால் ஒரு கையுறை வடிவம், மூன்று கோடு, முடிந்தது. இங்கே அப்படி விட்டால் கொக்கி கிளை மேல் உட்கார்ந்திருப்பாள், கிளையைப் பிடித்திருக்க மாட்டாள். பென்சில் ஒன்றை மேசை விளிம்பில் ஒட்டி நிறுத்தி, களிமண் உருவத்தை அதில் தொங்கவிட்டு, விரல்களைத் திரும்பத் திரும்ப வளைத்து, உருவம் கீழே விழாமல் தானாக நிற்கிற நிலை வரும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். நின்ற நிலையைக் கைப்பேசியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்தேன். கொக்கி என்ற பெயரே அந்த விரல்களைப் பார்த்து வந்ததுதான்.

பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. படப்புத்தகத்தைப் பெரியவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள், குழந்தை திரும்பக் கத்தும். அதனால் பெயர் இரண்டு எழுத்தில், அல்லது ஒற்றெழுத்தோடு மூன்றில் முடிந்தால் நல்லது, வல்லின ஒற்று ஒன்று நடுவில் இருந்தால் கத்துவதற்கு இன்னும் சுகம். கொக்கி இரண்டுக்கும் பொருந்தியது. பெயரை விடச் சிக்கலானது வினைமுற்று. விலங்குதானே என்று "கொக்கி வந்தது, பார்த்தது, நின்றது" என்று எழுதினால் பாத்திரம் ஒரு அடி தள்ளி நிற்கிறது. பாடப்புத்தகத்து வாசனையும் வந்துவிடுகிறது. "வந்தாள், பார்த்தாள்" என்று மாற்றியதும் ஒவ்வொரு வரியிலும் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வினையே ஆளைச் சொல்லிவிடுகிறது, வாக்கியம் பாதியாகக் குறைகிறது. மற்ற பூச்சிகள், காகம் எல்லாம் "அது"தான். கொக்கியும் அவள் அம்மாவும் மட்டும் "அவள்". குழந்தை யார் பக்கம் உட்கார வேண்டும் என்பதை இலக்கணமே தீர்த்துவைத்தது.

சரி, இனி நிழலுருவச் சோதனை. பாத்திரம் செய்கிறவர்கள் யாரும் தவறவிடக் கூடாத வேலை இது. கறுப்புச் சார்ட் பேப்பரில் பாத்திரத்தின் வெளிவடிவத்தை மட்டும் வெட்டி வெள்ளைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பார்க்க வேண்டும். கண், மூக்கு, நிறம் எதுவும் இல்லாமல் அவள்தான் என்று தெரிய வேண்டும். உட்கார்ந்திருக்கும் கொக்கியை வெட்டி ஒட்டினால் வாலில்லாக் குரங்குக்குட்டியாகத் தெரிந்தாள். முன்னால் எட்டிப் பிடிக்கும் நிலையை வெட்டினால் தவளை. அப்புறம் முழங்கையைப் பிடித்தேன். தேவாங்கு கிளை மேல் நகரும்போது முழங்கையும் முழங்காலும் உடம்பை விட்டு வெளியே புடைத்து நிற்கும், கை கால் எல்லாம் மெல்லியதாக இருப்பதால் அந்த மூட்டுகள் எடுப்பாகத் தெரியும். நான்கு முக்கோணங்களுக்கு நடுவே ஒரு உருண்டைத் தலை. அதை வெட்டி ஒட்டியதும் வேறு எந்தப் பிராணியோடும் குழப்பமில்லை. புத்தகம் முழுவதும் கொக்கிக்கு இரண்டே அடிப்படை வடிவங்கள் என்று முடிவானது அங்கேதான்: பந்து, முக்கோணங்கள். பயந்தால், தூங்கினால், யோசித்தால் பந்து. வேண்டும் என்று நினைத்தால் முக்கோணங்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைகூடப் பக்கத்தைப் புரட்டியதும் அவள் எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடும்.

கண்ணைப் பற்றித்தான் ஓவியரோடு அதிகம் பேசினேன். 1943இல் கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர், பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் ஆகியவற்றைப் பார்த்தால் மனிதர்களுக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று எழுதினார். படப்புத்தகக்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ எல்லா விலங்குகளையும் அந்த அச்சில் வார்க்கிறார்கள். தேவாங்குக்கு இயற்கையே அந்தக் கண்ணைக் கொடுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தில் வெள்ளைப் பொட்டு வைத்து, இமை மயிரும் போட்டால் கடையில் தொங்கும் பொம்மையாகிவிடும். இன்னொன்று, நிஜத் தேவாங்கின் கண்ணில் வெள்ளை விழி வெளியே தெரிவதில்லை, பழுப்பு வட்டம், நடுவில் பாவை, அவ்வளவே. வெள்ளை விழி இல்லையென்றால் கருவிழியை ஓரமாக நகர்த்தி "அந்தப் பக்கம் பார்க்கிறாள்" என்று காட்ட முடியாது. ஓவியர் கேட்டார், "அக்கா, கொஞ்சம் வெள்ளை விட்டுக்கலாமா? எல்லாருமே அப்படித்தானே போடறாங்க." நான் வேண்டாம் என்றேன். பார்க்க வேண்டிய பக்கம் தலையையே திருப்பட்டும். அப்படித் திருப்பினால் கழுத்து வரும், கழுத்து வந்தால் தோள் வரும், உடம்பு முழுவதும் பார்க்கிற மாதிரி ஆகும். அவர் அரை மனதோடு இரண்டு பக்கம் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் அவரே கூப்பிட்டு, "அக்கா, இவ பார்க்கறப்போ நானே திரும்பிப் பார்க்கறேன்" என்றார்.

அதே அழைப்பில் அவர் கேட்ட இன்னொரு கேள்வி என் வேலை முறையையே கூர்மையாக்கியது. "கோவம் வந்தா இவ என்ன பண்ணுவா?" புருவம் கிடையாது, வால் கிடையாது, வாய் மிகச் சிறியது. கோபத்தை எங்கே காட்டுவது? பதில் விரலில் இருந்தது. கோபம் வந்தால் கிளையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள், மரப்பட்டை கொஞ்சம் உதிரும். சோகமென்றால் ஒரு கை மட்டும் தளர்ந்து தொங்கும். ஆசையென்றால் எல்லா விரலும் விரிந்து முன்னே வரும். இப்படி ஒவ்வொன்றுக்கும் கைக்கு ஒரு நிலை என்று அட்டவணை போட்டோம். முகத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி வைத்துக்கொண்டு கைகளை மட்டும் மாற்றி ஒரு தாள் முழுக்க வரைந்து அனுப்பினார். இந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த தாள் அதுதான், அச்சில் வரப்போவதில்லை என்றாலும்.

டம்மியை, அதாவது அச்சுக்கு முன் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகத்தை, நான் எப்போதும் கையால்தான் செய்வேன். ஆறு ஏ4 தாள், நடுவில் மடித்து, நீளக்கை ஸ்டேப்ளரால் இரண்டு பின், 24 பக்கம் தயார். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள், அந்தக் கணக்கில் ஒன்றரை ஃபாரம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், மூன்றில் கதை தொடங்கும், 4-5இல் ஆரம்பித்து 22-23 வரை பத்து விரிப்புகள் (புத்தகத்தைத் திறந்தால் ஒன்றாகத் தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு), 24இல் ஒரு கடைசிப் படம். கணினித் திரையில் எல்லா விரிப்பையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை வரிசையாகப் பார்க்காது, புரட்டித்தான் பார்க்கும். புரட்டும்போது எது மறைந்திருக்கிறது, எது வெளியே வருகிறது என்பது காகிதத்தில் மட்டும்தான் தெரியும்.

இந்த டம்மியில்தான் எனக்குப் பெரிய லாபம் கிடைத்தது. விரிப்பின் நடு மடிப்பைப் பொதுவாக எல்லாரும் தொந்தரவாக நினைப்பார்கள், முகத்தை அங்கே வைக்காதே, எழுத்தை அங்கே வைக்காதே என்பார்கள். கொக்கியின் கதையில் நடுவே ஓர் இடைவெளிதான் எதிரி. அப்படியென்றால் மடிப்பையே தெருவாக வைத்தால் என்ன? இடப்பக்கம் புங்க மரம், வலப்பக்கம் தூங்குமூஞ்சி மரம், நடுவில் புத்தகத்தின் பள்ளம். கொக்கி இடப்பக்கத்திலிருந்து கையை நீட்டுகிறாள், மடிப்பு வரை வந்து விரல்கள் நின்றுவிடுகின்றன. டம்மியைக் காட்டியபோது ஒரு சின்னப் பெண் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கொஞ்சம் மூடினாள், இரண்டு மரமும் நெருங்கி வந்தன, "இப்போ போ" என்று கொக்கியிடம் சொன்னாள். அந்த விரிப்பில் எழுதியிருந்த மூன்று வரிகளை அன்றிரவே அடித்துவிட்டேன். அங்கே எழுத்தே தேவையில்லை.

24 பக்கப் பின் அடித்த புத்தகத்தில் 12-13 மட்டும் ஒரே தாளின் ஒரே பக்கமாக அச்சாகும். மற்ற விரிப்புகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மடித்து அடுக்கும்போது ஒன்றுசேர்பவை, ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போக வாய்ப்புண்டு. ஆகவே மடிப்பைக் குறுக்கே கடந்து ஒரு முழு உருவம் போக வேண்டுமென்றால் அதை நடு விரிப்பில் வைப்பதுதான் பாதுகாப்பு. கொக்கி உடம்பை முழுவதும் நீட்டி, பின்னங்கால் விரல் இரண்டை மட்டும் கிளையில் வைத்துக்கொண்டு, எட்டிப் பார்க்கிற பெரிய படத்தை 12-13க்குக் கொண்டுபோனோம். கதையின் நடுவிலும் அதுதான் வந்தது, நல்லவேளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுக்ககத்தில் சில பிள்ளைகள் தமிழ் படிக்க வருவார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், லிஃப்டில் இந்தி. தமிழ் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டுவதற்கு நேரமாகும். இவர்களுக்குத்தான் டம்மியைப் படித்துக் காட்டினேன். வார்த்தைகளை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் குறைத்தேன். "எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்" என்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பையன் படத்துக்குப் போய்விட்டான், அது "பிடித்தாள்" ஆனது. தமிழில் ஒட்டி ஒட்டி நீளும் சொற்கள் குழந்தைப் புத்தகத்தில் வரியையும் அடைக்கும், மூச்சையும் அடைக்கும்.

கேள்விகள் நன்றாக வந்தன. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஆன்ட்டி, கரென்ட் கம்பி மேல நடந்து போலாமே?" என்றான். பெங்களூர்த் தெருவில் கம்பி இல்லாமல் ஆகாயமே கிடையாது, அதனால் படத்திலிருந்து கம்பியை எடுத்துவிட முடியாது, எடுத்தால் அது எங்கள் தெரு இல்லை. அதே நேரம் மின்கம்பியில் நடந்து போய்ச் சாப்பிடுகிற தேவாங்கைப் படமாகக் காட்டவும் கூடாது. நிஜத்தில் மரவாழ் பிராணிகள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன. ஓவியர் வழி கண்டுபிடித்தார். எல்லாப் படத்திலும் கம்பி உண்டு, ஆனால் எந்தக் கிளையிலிருந்து பார்த்தாலும் கொக்கியின் கைக்கு ஒரு சாண் தள்ளியே போகும். தாவத் தெரியாது என்ற ஒரே விதி இதற்கும் விடை சொல்லிவிட்டது. பாத்திரத்துக்கு ஒரு முடியாமையை ஒழுங்காக வைத்துவிட்டால் எழுத்தாளர் பக்கத்துக்குப் பக்கம் சாக்குத் தேட வேண்டியதில்லை.

பேத்தியைக் கூட்டிவந்த ஒரு பாட்டி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஏம்மா, தேவாங்க வெச்சா கதை எழுதற? எங்க ஊர்ல இதை ஜோசியக்காரன் தோள்ல வெச்சிட்டு வருவான், கண்ணுல பட்டா ஆகாதுன்னு எங்கம்மா உள்ள போகச் சொல்லுவாங்க" என்றார். உண்மைதான். தேவாங்கை வைத்துச் சீட்டெடுக்கச் சொன்னதும், மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்று கொன்றதும் நம் ஊர்களில் நடந்தவைதான். ஒல்லியான பிள்ளையைத் "தேவாங்கு மாதிரி இருக்கே" என்று திட்டுவதும் இன்னும் போகவில்லை. இதையெல்லாம் கதைக்குள் கொண்டுவந்து கண்டிக்க நான் விரும்பவில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு அந்தப் பயம் தெரியவே தெரியாது, நானே ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஆனால் பாட்டியின் பேச்சால் ஒரு முடிவு உறுதியானது: ஒல்லியாக இருப்பதை எந்த இடத்திலும் சிரிப்புக்கு வைப்பதில்லை. அந்த மெல்லிய கைதான் அவளுடைய முழு ஆற்றலும், படத்தில் அது அழகாகவும் பலமாகவும் தெரிய வேண்டும். குழந்தைகளுக்குச் சிரிக்க வேறு இருக்கிறது. தேவாங்கு தன் மூத்திரத்தைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. ஒரு விரிப்பின் மூலையில் அதைச் சின்னதாக வைத்தோம், வாசகம் எதுவும் இல்லாமல். எல்லாக் குழந்தைகளும் கண்டுபிடித்தார்கள்.

முடிவு எப்படி? பாலம் கட்டித் தருகிற நல்ல மனிதர் யாரும் வருவதில்லை. கொக்கி திரும்பி, தெருக்கோடி வரை மரம் மரமாகப் போய், கிளைகள் சேர்கிற இடத்தில் கடந்து, மறுபக்கமாக அவ்வளவு தூரமும் வருகிறாள். வந்து சேர்வதற்குள் ஈசல் பறப்பது நின்றுவிடுகிறது, விளக்கடியில் இறகுகள் மட்டும். ஆனால் இறகை உதிர்த்த ஈசல் சாவதில்லை, ஊர்ந்து போகும். வெளிச்சம் படாத அடிமரத்தில் அவை வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன, மெதுவாக நடக்கிறவளுக்கு மெதுவாக நடக்கிற சாப்பாடு. இது எதையும் நான் கற்பித்துச் சொல்லவில்லை, பூச்சியும் பிராணியும் நிஜமாகச் செய்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நிறம் வந்தபோது அச்சுப் பிரச்சினையும் கூடவே வந்தது. சாம்பல் நிறப் பிராணி, இரவு நேரம், கறுத்த பின்னணி. திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் நான்கு வண்ண மையில் அச்சாகும்போது மங்கிப்போகும், சாம்பலும் அதுவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் இரவை நீலத்தில் வைக்காமல் கத்தரிப்பூ நிறத்துக்கும் அடர்பச்சைக்கும் நடுவில் வைத்தோம், கொக்கியின் உடம்பைச் சுற்றி மெல்லியதாகக் காகித வெள்ளை விட்டோம், தெருவிளக்கின் மஞ்சள் புத்தகத்தில் வேறெதற்கும் கிடையாது. இன்னொரு விஷயமும் இருந்தது. இதே படங்களோடு கன்னடப் பதிப்பும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கன்னடத்தில் இதைக் காடு பாப்பா என்பார்கள், இந்த ஊரில் வெளிவரும் புத்தகம் இந்த ஊர் மொழியில் இல்லாமல் எப்படி? எழுத்து முழுவதும் கறுப்பு மையில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது நான்கு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத் தகடுகளில், அதாவது பிளேட்டுகளில், கறுப்புக்கான ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே ஓடும். கறுத்த பின்னணியில் வெள்ளை எழுத்து என்று போட்டால் நான்கும் மாறும், செலவும் ஏறும். ஆகவே இரவுப் படமாக இருந்தாலும் எழுத்து வருகிற ஒவ்வொரு விரிப்பிலும் அதற்கு ஒரு வெளிர் இடம் தேவைப்பட்டது: விளக்கு வெளிச்சம் விழுந்த சுவர், நிலா, ஈரத் தெருவில் பிரதிபலிப்பு. ஓவியர் இதற்காக ஐந்து விரிப்பை மீண்டும் அடுக்கினார், முகம் சுளிக்கவில்லை. பெங்களூர்க் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே படம் பல மொழிகளில் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் திரையில் எழுத்தை மாற்றுவதற்குச் செலவில்லை, ஆஃப்செட் அச்சில் உண்டு என்பதால் முதலிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துக்கு வரிக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு, கன்னடத்துக்கு ஒத்தெழுத்து (இரண்டு மெய் சேரும்போது இரண்டாவதன் வடிவம்) கீழே இறங்கும், அதற்குத் தக்க வரி இடைவெளி விட்டுத்தான் அந்த வெளிர் இடத்தை அளந்தோம்.

கடைசியாக, ஓவியருக்கு நான் கொடுத்த பாத்திரத் தாளில் என்ன இருந்தது என்று கேட்பவர்களுக்கு. களிமண் உருவத்தின் படங்கள் முன், பின், பக்கவாட்டில். கையின் நெருக்கப் படம் தனியாக, ஆள்காட்டி விரலைச் சிவப்பு மையால் வட்டமிட்டு. தலை எத்தனை பங்கு, உடம்பு எத்தனை பங்கு என்ற அளவு. கொக்கி ஒருபோதும் செய்யாதவை: தாவ மாட்டாள், இரண்டு காலில் நிமிர்ந்து நடக்க மாட்டாள், சட்டை போட மாட்டாள், வாயைத் திறந்து சிரிக்க மாட்டாள். அவளைப் பற்றிய வர்ணனையாக ஒரே ஒரு வரி: "எட்டுகிறதா என்று முதலில் கையை நீட்டிப் பார்ப்பாள்." ஓவியர் அந்தத் தாளில் ஒன்றே ஒன்றை மாற்றினார், காதை. நிஜத்தில் இருப்பதை விடக் கொஞ்சம் பெரிதாக்கி, மெல்லிய தோல் வழியாக விளக்கு வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி வரைந்தார். எனக்கு மறுபேச்சே இல்லை.

இப்போது ப்ரூஃப், அதாவது சரிபார்ப்பதற்கான அச்சுப்படி, வந்திருக்கிறது. 8-9இல் கொக்கியின் முதுகும் மரப்பட்டையும் இன்னும் ஒரே சாம்பலாக இருக்கின்றன, பட்டையில் கொஞ்சம் பழுப்பைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். 12-13இல் விரல் நுனி வலப்பக்க விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறது, வெட்டுக்கு விட்ட மூன்று மில்லிமீட்டரை அது தொடுகிறது, இடப்பக்கமாக நகர்த்த வேண்டும். இரண்டும் சரியானதும் பிளேட் போடலாம்.